சாரதாம்பாள் விட்ட பேச்சு

எனக்கு வாய் நீளம். எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தெரு முழுவதற்கும் பதில் சொல்லுகிறவள் இந்தப் பூங்காவனம். ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சாரதாம்பாளிடம் நானே தோற்றுப்போவேன். சோறு வடிக்கும்போது பேசுவாள், துணி அலசும்போது பேசுவாள், ஆள் கிடைக்காவிட்டால் கோழியைப் பிடித்து வைத்துப் பேசுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளை வாய் திறக்கவில்லை.

பிள்ளையின் பெயர் சிவகாமசுந்தரி. நாங்கள் சுந்தரி என்போம். மூன்று வயது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பசித்தால் தாயின் புடவையைப் பிடித்து அடுப்படிக்கு இழுப்பாள். வேண்டியதை விரலால் காட்டுவாள். தனியாக விளையாடும்போது 'பப்பப்ப' என்று ஏதோ சத்தம் வரும். அவ்வளவுதான்.

செமாபோக் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அவள் புருஷன் பொன்னுதுரை, "எங்க அப்பாகூட நாலு வயசுலதான் பேசினாராம், சும்மா பயப்படாத" என்று சொல்லிவிட்டு விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாடகை வாங்குகிற காமாட்சி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற செட்டிக் குடும்பத்துக்காரி. மாரியம்மனை விழுந்து விழுந்து கும்பிடுவாள், தமிழ் மட்டும் வராது. வீட்டில் தமிழ், தெருவில் மலாய், அதுதான் பிள்ளைக்குக் குழப்பம் என்று அவள் மலாயில் தீர்ப்புச் சொன்னாள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவியது நான். சுந்தரி முகத்தைச் சுளித்து என் கையிலேயே துப்பினாள்.

சாரதாம்பாளின் பயம் வேறு. ஒரு நாள் அவள் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று தட்டைக் கீழே போட்டதைப் பார்த்தேன். சுந்தரி திரும்பவில்லை. மறுபடியும் போட்டாள். திரும்பினாள்.

"சத்தம் கேட்டுத் திரும்பினாளா, பலகை அதிர்ந்து திரும்பினாளான்னு தெரியலக்கா," என்றாள். "காதே கேக்கலன்னா வாயும் வராதாமே. பயமா இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் கேட்கிற மாதிரி இருக்கும், மறுநாள் கேட்காத மாதிரி இருக்கும்.

வேண்டுதல் யோசனை என்னுடையதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரர் அப்பாசாமியைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பும்வரை உப்புத் தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். போனவர்களில் எத்தனையோ பேர் வரவில்லை. அவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அதனால், "உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அத விட்டுடு" என்று சாரதாம்பாளிடம் சொன்னேன். காப்பியை விடுவாள் என்று நினைத்தேன். அவள் பேச்சை விட்டாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், யாரிடமும் வாய் திறப்பதில்லை. என் பேச்சை எடுத்துக்கொண்டு என் மகளுக்குக் கொடு என்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஆகஸ்டு முடிவில் சுதந்திரம் என்று ஊரே 'மெர்டேக்கா' கத்திப் பழகிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் கேட்ட கொடிகளை நான் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் சத்தமே இல்லை.

முப்பது நாள் போல் ஆனபோதுதான் கவனித்தேன். சுந்தரியின் 'பப்பப்ப' நின்றுபோயிருந்தது. தாய் கையை அசைத்தால் வருவாள், கையைத் தூக்கினால் நிற்பாள். இரண்டு பேரும் கையாலேயே குடித்தனம் நடத்தினார்கள். பேச்சைக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? நிறுத்தடி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பாதியில் விட்டால் ஆத்தாவின் கோபம் பிள்ளை மேல் விழுமே என்ற பயம் அதை உள்ளே தள்ளியது. ஊருக்கெல்லாம் நீளுகிற என் வாய் அன்றைக்குச் சுருண்டுகொண்டது.

நாற்பத்தொன்றாம் நாள். டவுனில் பிள்ளைகளைப் பார்க்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்படி பொன்னுதுரையிடம் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். அங்கே இருந்த மலாய்க்கார நர்ஸ், மிஸி என்போம், நாம் பதிலை முடிக்குமுன்னே எழுதி முடிக்கிற ரகம். அவள் சாரதாம்பாளைக் கேட்பாள், சாரதாம்பாள் என்னைப் பார்ப்பாள், நான் பதில் சொல்வேன். ஐந்தாறு கேள்வி இப்படிப் போனதும் மிஸி பேனாவை நிறுத்தி, தாயும் 'பீசு'வா என்று கேட்டாள். ஊமையா என்று அர்த்தம்.

நான் விளக்க ஆரம்பித்தேன். சந்தையில் விலை பேச என் மலாய் போதும். நேர்த்திக்கடனைப் புரியவைக்கப் போதவில்லை. அவள் பாதியிலேயே தலையாட்டிவிட்டு அட்டையில் எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். தாய் ஊமை, பிள்ளையும் ஊமை, பிறவியில் வந்தது. டாக்டர் பார்க்க இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

சாரதாம்பாள் எழுந்து நின்றாள். உதடு துடித்தது. இன்னும் ஏழு நாள்தான் என்று நான் விரலால் காட்டினேன், பாவி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் ஊமை இல்ல மிஸி!" என்றாள், தமிழில், கரகரத்த குரலில். "எம் மவள ஊமைன்னு எழுதாதீங்க. அழிங்க அத!"

மிஸிக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. சிமெண்டுத் தரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்த சுந்தரி, அந்தக் குரல் கேட்டதும் சட்டென்று திரும்பினாள். கொஞ்ச நேரம் தாயின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. மிஸி எழுதியதை அடித்துவிட்டு டாக்டரை அழைத்து வந்தாள்.

காது நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர். பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பிள்ளையிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் கோயில் வாசலைத் தாண்ட சாரதாம்பாளுக்குக் கால் வரவில்லை. "ஏழு நாள் பாக்கி இருக்கேக்கா. எம் பிள்ள வாயக் கட்டிப்புடுவாளோ?" என்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"யோசனை என்னுது தாயே. மிச்சத்த நான் இருந்து முடிக்கிறேன். அவங்கள விட்டுடு," என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

தெருவே சிரித்தது. அப்பாசாமி, வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது என்றார். சிரிக்கட்டும் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து சுவரையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சாரதாம்பாளின் பேச்சு விடாமல் வந்தது. இது உப்பு, இது கத்தரிக்காய், இது உன் மூக்கு. பதில்தான் இல்லை. நாலாம் நாள் அவள் குரல் கம்மியது. ஐந்தாம் நாள் பேச்சுக்கு நடுவே விசும்பலும் கேட்டது. நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து நானும் அழுதேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அவள் மீன் கழுவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சின்னக் குரல் வந்தது.

"ம்மா."

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பிறகு சாரதாம்பாள் கத்தினாள்.

"அக்கா! அம்மான்னு சொல்லிட்டா! எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா, உனக்கும் கேட்டுச்சா? சொல்லுக்கா!"

கேட்டது. நன்றாகக் கேட்டது. இந்த உலகத்தில் அவளைத் தவிர அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். சொல்ல வாயெடுத்தேன். இன்னும் ஒரு நாள் பாக்கி. கொடுத்ததை ஆத்தா திருப்பி வாங்கிக்கொண்டால்? முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு கையாலும் அந்தச் சுவரில் அடித்தேன். அவள் "கேட்டுச்சா? கேட்டுச்சாக்கா?" என்று கேட்கக் கேட்க, கை சிவக்கச் சிவக்க அடித்துக்கொண்டே இருந்தேன்.