அத்தையின் காந்தம் ஒட்டிய இடம்

இல்லை, அவள் பேய் ஓட்டுகிறவள் இல்லை. என் மருமகனுடைய அக்கா, பேத்திக்கு அத்தை. குழந்தைச் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. மிஷினில் ஊசி உடைந்தால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். துண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கி, அட்டையில் முழு ஊசியாகச் சேர்த்து ஒட்ட வேண்டும். துளி குறைந்தாலும் அங்கே தைத்த ஒரு சட்டையும் வெளியே போகாது. "காந்தம் வருது, கையை எடுங்கடி" என்று தையல்காரிகள் கேலி பண்ணுவார்களாம். கல்யாணமே வேண்டாமென்று அந்த வேலையிலேயே இருந்துவிட்டாள். நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவள் கை தரையைத் தடவிப் பார்க்கும்.

எனக்குப் பேத்தி பிறந்து மூன்று மாதம். தங்கக் கட்டி. பொக்கை வாயைத் திறந்து சிரித்தால் எனக்குப் பசியே எடுக்காது. யார் தூக்கினாலும் சிரிப்பாள். நேற்று மத்தியானம் வேலை முடிந்து நேராக வந்த அத்தை தூக்கித் தோளில் சாய்த்ததும் வீறிட்டாள். இறக்கினால் அமைதி. திரும்பத் தூக்கினால் திரும்ப வீறல்.

"என்ன அண்ணி, புள்ளைக்கு உங்களைப் பார்த்தா பூச்சாண்டி மாதிரி இருக்கு போல," என்றாள் என் மகள்.

அத்தை சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. "காலையில ஒரு ஊசி உடஞ்சுது. நுனி மட்டும் கிடைக்கல," என்றாள்.

நூலில் கட்டிய பொட்டளவு காந்தத்தை எடுத்துத் தொட்டில்மேல் தொங்கவிட்டாள். போர்வை, தலையணை, குழந்தையின் சட்டை. காந்தம் செத்ததுபோல் நேராகவே தொங்கியது. பேத்தி கண்ணிமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை பெருமூச்சு விட்டு நூலைத் தூக்கினாள். காந்தம் தானாக அவள் பக்கம் சாய்ந்தது. தோளில், ரவிக்கைத் துணியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அசையாதம்மா," என்றேன். தோள் தையலுக்குள் எள்ளளவு ஊசிமுனை. எல்லா இடத்தையும் தேடியவள் தன்னை மட்டும் தேடவில்லை. குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. கண்ணுக்குச் சற்றுக் கீழே.

"அதான் கிடைச்சிருச்சே, விடும்மா," என்று தேற்றினேன். முனையைத் தாளில் மடித்துக்கொண்டு போனாள்.

இன்று காலை கம்பெனிக்குப் போனவள் உடனே திரும்பி வந்தாள். பேத்தியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அட்டையில வெச்சுப் பார்த்தேன் மாமா. பொருந்தல. இது வேற ஊசியோட நுனி. அது இன்னும் எங்கயோ இருக்கு."