புதர் வெட்ட ஓர் அரிவாள்: மாட்டுங்கா முதல் செம்பூர் வரை

காலை 8.10, மாட்டுங்கா ஸ்டேஷன். சயான் அடுத்த ஸ்டேஷன்தான். இரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். அதற்கு நான் முதுகுப்பை, தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பொட்டலம் சகிதம் கிளம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அரிவாள் வாங்கப் போகிற குமாஸ்தா வேறெப்படிப் போவான்?

மறுநாள் கர்ஜத்துக்கு அப்பால் ஒரு மலைப்பாதையில் புதர் வெட்டிக்கொண்டு ஏற வேண்டும். போன செப்டம்பரில் என் நண்பன் ரமணி அங்கே விழுந்து இறந்தான். பாதையை ஆள் உயர முள் அடைத்திருந்தது. வெட்ட முடியாததால் சரிவின் ஓரமாகச் சுற்றிப் போனான். அவன் முன்னால், நான் பின்னால். வருஷத் திதிக்கு முன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் அவன் மனைவி விஜயா. அழைத்துப் போகிறேன் என்றேன்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அன்று கத்தி கொண்டுவர வேண்டியவன் நான். கொண்டுபோனது கொய்யாப்பழம் நறுக்கும் கத்தி. என் மனைவி டம்ளர், கரண்டி, கத்தி எல்லாவற்றிலும் கே.எஸ். என்று பெயர் வெட்டி வைப்பவள். என் முதுகுதான் பாக்கி. "காட்டையா அழிக்கப்போறோம், இது போறும்டா" என்று அந்தக் கத்தியை ரமணி கையில் கொடுத்தேன். சிரித்தான். என் ஜோக்குக்கெல்லாம் சிரிப்பான். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

8.45, சயானில் இறங்கி நடந்து தாராவி. தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே கடை. உள்ளே கொல்லர் இரும்பு அடிக்கிறார். வெளியே வியாபாரம் அவர் மனைவி இசக்கியம்மாளுடையது. முப்பது வயதிருக்கும்.

"என்னத்த வெட்டப் போறீய அண்ணாச்சி? செடியவா, ஆளவா?"

"செ... செடி."

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. வேர்த்து ஊத்துதே!"

நான் பளபளவென்று இருந்த இரண்டடி நீள அரிவாளை எடுத்தேன். நீளம் அதிகமானால் முள்ளிலிருந்து தள்ளி நிற்கலாம் என்பது என் வீரக் கணக்கு.

"அத வைங்க. அது கோயிலுக்கு நேந்து விடுதது. சாமி கையில இருந்தா அழகு. முள்ளுல போட்டீயன்னா துள்ளித் திரும்பி ஒங்க முட்டிக்குத்தான் வரும்."

பிறகு அவள் காட்டியது கறுப்பாக, அழகே இல்லாமல், ஒன்றேகால் அடி நீளத்தில் இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. முனை கிளி மூக்கு போல வளைந்திருந்தது. "மூக்கு முள்ள இழுத்துக் குடுக்கும், வயிறு வெட்டும். கனம் முன்னால இருக்கணும். கை சும்மா போனாப் போதும், கனம் வேலையப் பாத்துக்கிடும்." உடைந்த கட்டில் கால் ஒன்றைப் போட்டு வெட்டிப் பார்க்கச் சொன்னாள். உள்ளங்கையில் எண்ணெய் தடவி இன்னொரு முறை. மழையில் பிடி நழுவுமா என்று பார்க்க வேண்டுமாம். பிடி நழுவவில்லை. பத்தாவது வெட்டில் எனக்குத்தான் மூச்சு நழுவியது.

"கூர மழுக்கித் தாரேன். வழியில யாரு கேட்டாலும் பயமில்ல. அங்க போயி அரத்தால நாலு இழுப்பு இழுங்க."

அறுநூற்றைம்பது ரூபாய். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை, தரையில் வைத்தாள்.

"கத்திய கைக்குக் கை குடுக்கப்பிடாது அண்ணாச்சி. கீழ வச்சாத்தான் எடுக்கணும்."

குனிந்து எடுப்பதற்குச் சற்று நேரமாயிற்று.

10.00. ஸ்டேஷனில் பையைச் சோதிப்பார்களே என்று ரயிலைக் கைவிட்டேன். மார்க்கெட்டில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி, சாக்கில் சுற்றிய அரிவாளை நடுவில் செருகினேன். ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சாப், இஸ்மே க்யா ஹை?" இதில் என்ன இருக்கிறது என்கிறார்.

"முருங்கைக்காய். டிரம்ஸ்டிக்! சாம்பார்! ஆறு பேர் வீட்டில்!"

அவர் கேட்டது மடியிலிருந்த கட்டைப் பற்றி அல்ல, காலடியில் நான் மறந்துபோயிருந்த முதுகுப்பையைப் பற்றி. தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

11.00, செம்பூர். ஏழு கிலோமீட்டர், மீட்டரில் 128. மூன்றாவது மாடி. விஜயா கதவைத் திறந்தாள்.

"வாங்கோ அண்ணா. என்ன, முருங்கைக்காயாலயா வழி வெட்டப் போறோம்?"

சாக்கைப் பிரித்து அரிவாளைத் தரையில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு சின்னக் கத்தியோடு வந்தாள். அதையும் பக்கத்தில் தரையில் வைத்தாள். கே.எஸ்.

"அவர் கையிலேர்ந்து எடுத்துப் போலீஸ்காரா குடுத்தா. ஒரு வருஷமா இதுலதான் கறிகாய் நறுக்கறேன். உங்காத்துக் கத்திதானே?"

"ஆமாம்."

"முள்ளு வெட்டறதுக்கா இதைக் கொண்டுபோனேள்?"

ஒரு ஜோக் வாய் வரை வந்தது. விழுங்கினேன். "ஆமாம். இது போறும்னு சொன்னேன். கைல குடுத்து முன்னாடி போன்னேன்."

"நீங்களாச் சொல்லுவேள்னு பார்த்திண்டிருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குக்கர் மூன்று முறை கூவியது. யாரும் போய் அணைக்கவில்லை. நான்காவது கூவலில் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டையும் எடுத்துக்கோங்கோ அண்ணா. நாளைக்கு நீங்க முன்னாடி நடக்கணும். நான் பின்னாடி வரேன்."

12.20. முருங்கைக்காயை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினேன். குர்லாவில் மாறினேன். மாட்டுங்காவில் போலீஸ்காரர் ஒருவர் என் பையைப் பார்த்தார். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த பதில்கள் எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன. அவர் கொட்டாவி விட்டு, போகச் சொல்லிக் கையசைத்தார்.

வீட்டில் கொய்யா நறுக்கும் கத்தியை அதன் பழைய இடத்தில் வைத்தேன். "இது எங்கே போயிருந்தது?" என்று கேட்டாள் என் மனைவி. அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. உட்காரச் சொன்னேன்.