கல்யாண இலையில் வேறு உப்பேரி

குழித்துறைப் பக்கம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே பொரிக்கும் இடத்தில் வேலை செய்யும் செல்வி அக்காவின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ், எங்கள் ஊர் உப்பேரி, மொறுமொறுவென்று இருந்தது.

“நம்ம கம்பெனி சரக்குதானே அக்கா?” என்று பெருமையாகக் கேட்டேன்.

அக்கா பதறிவிட்டார். “ஐயோ சாரே! அந்தப் பழைய எண்ணெயில பொரிச்சதையா? இது நம்ம பிள்ளைக்க கல்யாணமாக்கும்!”

பக்கத்து இலைகளில் இருந்த எங்கள் தொழிலாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த எண்ணெய்க்குத் தினமும் ‘சரி’ என்று கையெழுத்துப் போடுபவன் நான். ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் பொங்கியது.

அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்கு நானும் ஒரு பாக்கெட்கூடக் கொண்டுபோனதில்லை.