பிரேக் விளக்கின் இரண்டு கம்பிகள்

“படிச்ச பிள்ளை லா. லோரி பின்னாடி நின்னு பேசும். அடியில படுக்குமா?”

பண்டமாரானில் அப்பாவின் லோரிக்கு வயரிங் பார்த்த அங்கிள் இப்படிக் கேட்டபோது நான் பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுட்டது.

எங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்குக் கண்டெய்னர் இழுத்தார். அவர் கிளம்பும்போது விடிந்திருக்காது. திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். எங்களுக்கென்று இருந்தது காலையில் விளக்கு பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அவர் மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவார், நான் பின்னால் நின்று கத்துவேன்.

“லெப்ட்டு?”

“எரியுது!”

“பிரேக்கு?”

“எரியுதுப்பா!”

“துவான், அப்ப நான் போலாமா?” சாலையில் போலீஸ்காரர்களிடம் பேசும் அதே பவ்யமான குரலில் கேட்பார்.

“லைசென்ஸ காட்டுங்க,” என்பேன்.

அந்த வருஷம் இடது பக்க விளக்கு மக்கர் செய்தது. பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் பளிச்சென்று எரியும். இடது பக்கம் மங்கலாகச் சிவக்கும். அதோடு, அப்போது எரியவே கூடாத நம்பர் பிளேட் விளக்கும் லேசாக மினுங்கும். அங்கிள் பல்பை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். அரசாங்க வாகனச் சோதனையில் லோரி தோற்றால் அப்பாவுக்கு ஓட்டம் இல்லை.

கழற்றிப் போட்ட பல்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே இரண்டு சுருள் கம்பிகள். இரண்டும் அறுபடாமல் இருந்தன. வகுப்பில் படித்திருந்தேன்: அந்த மெல்லிய டங்ஸ்டன் இழை மின்சாரத்தை எளிதில் விடாது, அந்த மல்லுக்கட்டில் சூடேறிச் சூடேறித்தான் ஒளி தருகிறது. கண்ணாடிக்குள் ஆக்சிஜன் இல்லாததால் எரிந்துபோகாமல் தாங்குகிறது. இந்த பல்பில் மெல்லியது வால் விளக்குக்கு, தடித்தது பிரேக்குக்கு. இரண்டிலும் ஓடிய மின்சாரம் திரும்பிப் போகிற வழி ஒன்றுதான், லோரியின் இரும்புச் சட்டம். அந்த வழி அடைபட்டால்? பிரேக் இழையைத் தாண்டிய மின்சாரம் மெல்லிய இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். பேட்டரியின் அழுத்தத்தை எல்லா இழைகளும் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் முழுதாக எரியாது.

“பல்பு நல்லாத்தான் இருக்கு அங்கிள். எர்த்துதான் போயிருக்கு,” என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பள்ளி டிராக் பேண்ட்டோடு அடியில் படுத்தேன். விளக்கைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. கழற்றி, சேண்ட் பேப்பரால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினேன். அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் நின்ற அங்கிளின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு வெளிச்சம்.

“அண்ணே, உங்க மக என் சோத்துல மண்ணள்ளிப் போடுறா லா!”

அப்பா இறங்கி வந்து என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

டிப்ளோமா முடித்ததும் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் எல்இடி பலகைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. குளிரூட்டிய அறை, நல்ல சம்பளம். எல்இடி தட்டியதும் எரியும், தட்டியதும் அணையும். இழை பல்பு அப்படியில்லை. அந்தக் காலைகளில் சந்து முனையில் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு சட்டென்று போகாது. கம்பி ஆறுகிற அந்தக் கண்ணிமைப்பு நேரம் அது தயங்கும். அது போன பிறகுதான் நான் உள்ளே போவேன். இங்கே நாளெல்லாம் விளக்குகளைத்தான் பார்க்கிறேன்; எரியுதா என்று கேட்க ஒரு குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அப்பா ரோட்டில் இருப்பார், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்குகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

போன மாதம் போனில் பேசும்போது சொன்னார்: “லோரித் தல புதுசும்மா. டிரெய்லரு அதே பழசு, அதே பல்பு. லோரி நிக்கிற யார்டுல லைட்டு பார்க்கிற ஆளு வேலைய விட்டு நின்னுட்டாரு. நான்தான் பிரேக்குக்குக் கட்டைய முட்டுக்கொடுத்துட்டு, இறங்கிப் பின்னாடி ஓடிப் பார்க்கிறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். முழங்கால் வலிக்கிற மனிதர். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அந்த யார்டுக்கே விண்ணப்பித்தேன். “பைத்தியமா லா உனக்கு? டிப்ளோமாவ வச்சிக்கிட்டு துருப்பிடிச்ச டிரெய்லருக்கா போற?” என்றாள் அறைத் தோழி. சம்பளம் குறைவுதான். வேலை கிடைத்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று அறைச் சாவியை வீட்டுக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு, பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து, அங்கே மாறி, வீட்டுப் பக்கம் போகிற கிள்ளான் ரயிலில் ஏறினேன்.