வாயாடித் திருடனும் லிஃப்ட் மெக்கானிக்கும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தேகம் வேறு, பொறாமை வேறு. அவனுக்கு இருந்தது கலப்படம் இல்லாத பொறாமை. அதுவும் கம்ப்யூட்டருக்குள் கட்டைவிரல் நகம் அளவே இருந்த ஒரு திருடன் மேல்.

இளவட்டமாக இருந்தபோது அவன் உயிரை விட்டு ஆடிய கதை விளையாட்டு ஒன்று உண்டு. ஒரு வீரனை நாமே உருவாக்கி, வழியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் ஒரு சாபத்தைத் தீர்க்க வேண்டும். அது மறுபடி விற்பனைக்கு வந்ததும் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டான். கொஞ்ச நேரத்திலேயே முகம் தொங்கிவிட்டது. அன்றைக்கு அரண்மனையாகத் தெரிந்தது இன்றைக்கு அட்டைப்பெட்டியாக நின்றது. எங்கே போவது என்று காட்ட ஓர் அம்புக்குறி கூடக் கிடையாது. எழுத்தோ, எறும்பு ஊர்ந்த மாதிரி.

“இதுக்கு வயசாயிடுச்சு,” என்று எழுந்தான்.

“உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி. கண்ணாடிக் கடையில் ஆளாளுக்கு மூக்குக்கும் காதுக்கும் பொருந்தச் சட்டம் வளைத்துக் கொடுப்பவள். பொடி எழுத்தெல்லாம் அவளுக்குத் தூசு. “நகருங்க, நான் பார்க்கறேன்.”

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஆட்டத்தில் அவன் எப்போதும் சண்டைக்காரன். யாராவது பேச வந்தால் பொத்தானைத் தட்டிப் பேச்சைத் தள்ளிவிட்டு வாளை உருவுவான். இவள் ஒரு வரி விடாமல் படித்தாள். முதல் சத்திரத்தில் ஒரு திருடன், நானும் வரட்டுமா என்று கேட்பான். எத்தனையோ தரம் ஆடியும் மெக்கானிக் அவனைச் சேர்த்ததே இல்லை. நோஞ்சான், ஓர் அடிக்குத் தாங்க மாட்டான். இவள் சேர்த்துக்கொண்டாள்.

திருடனுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். ராஜாவைப் பார்த்தாலும் நக்கல், பாழுங்கிணற்றைப் பார்த்தாலும் நக்கல். “எங்கக்கா என்னைவிடப் பெரிய திருடி. என் பேரையே திருடிக்கிட்டு ஓடிட்டா,” என்று ஆரம்பித்து, அந்தக் கதையைப் பாதியில் தொங்கவிட்டிருந்தான். பழைய விளையாட்டு இன்றைக்குச் செல்லுமா என்று கேட்டால், படம் செல்லாது, பேச்சு செல்லும். யார் மறுத்தாலும் அதுதான் நிஜம்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் இவன் எதையாவது உளறினால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

சாப்பிடும்போது மெக்கானிக்கும் அவளைச் சிரிக்க வைக்க முயன்று பார்த்தான். “லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார். பயப்படாதீங்க சார்னேன். ‘பயமெல்லாம் இல்ல, உள்ள எங்க மாமியாரும் இருக்காங்க, சீக்கிரம் திற’ங்கறார்!”

“போன வருஷம் சொன்னப்ப அது மேனேஜரா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் லிஃப்ட் குழிக்குள் நின்று, கூட வேலை செய்பவனிடம் புலம்பினான். “மச்சான், வீட்டுல ஒருத்தன் அவளைச் சிரிக்க வைக்கறான்டா.”

“எவன்டா அவன்?”

“திருடன்.”

“போலீசுக்குச் சொன்னியா?”

“கம்ப்யூட்டர்ல இருக்கான்டா.”

கூட்டாளி சிரித்தது மேல்மாடி வரை கேட்டது. “அப்ப ஆளைத் தூக்கிடு. கேஸே கிடையாது.”

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். பொறாமை பிடித்தவன் காதில் விளையாட்டு எது, வினை எது?

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் விளையாட்டைத் திறந்தான். திருடனோடு பேசினால், நாம் சொல்லத் தகுந்த பதில்கள் கீழே வரும். இருப்பதிலேயே கொடியதை அழுத்தினான்: ‘நீ எனக்குத் தேவையில்லை. போய்விடு.’ எதிர்த்து நக்கலடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. “எங்கக்காவும் இதைத்தான் சொன்னா,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டான். அந்தக் காலத்து விளையாட்டில் போனவன் போனவன்தான். மனைவி சேவ் செய்து வைத்திருந்ததோ ஒரே ஓர் இடத்தில். இவன் அதன் மேலேயே சேவ் செய்து தொலைத்தான்.

சாயங்காலம் அவள் வந்து திறந்தாள். “எங்க அவன்?”

“எவன்?”

“நடிக்காதீங்க.” நாற்காலியைத் திருப்பினாள். “பொறாமையா? இத்துனூண்டு பொம்மை மேலயா?”

“என்னைப் பார்த்து நீ அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?” கேட்டேவிட்டான்.

“சிரிக்கற மாதிரி நீங்க பேசி எவ்வளவு நாளாச்சு?”

அவள் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“அந்த அக்கா கதையோட மீதி எனக்குத் தெரிஞ்சாகணும்,” என்றாள். “முதல்லேருந்து நீங்க ஆடுங்க. அவனைக் கூட்டிட்டு வாங்க. ஒரு பேச்சையும் தள்ளக் கூடாது, சத்தமாப் படிக்கணும்.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முதலில் லிஃப்டில் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கிற மாதிரி படித்தான். போகப் போகக் குரலில் ஏற்ற இறக்கம் வந்தது. பாழுங்கிணற்றுப் பக்கம் வந்தபோது அவள் களுக்கென்று சிரித்தாள். அவனுக்கு மனசு குளிர்ந்தது, மறு நொடியே, இது எனக்கா, அந்தப் பயலுக்கா என்று மறுபடி புகைந்தது.

பொறுக்க மாட்டாமல், தன் கைச்சரக்கு ஒன்றைத் திருடன் வாயில் போட்டுப் படித்துவிட்டான்.

“அது அவன் சொன்னதில்ல,” என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“அவன் இன்னும் நல்லாச் சொல்லுவான்.”

மெக்கானிக் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில், மடித்த துணியெல்லாம் மடியிலிருந்து சரிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான்.