கடைசி மேசை

என் கணவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். நான் கம்பத்தில் இருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஃபோனில் பேசிப் பேசி மாய்ந்தோம். போகப்போக, சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் அவருடைய அறைக்காரர்கள் ஃபோனில் போக்கர் ஆடப் பழக்கினார்கள். காசில்லாத சீட்டாட்டம், பந்தயத்துக்கு வெறும் சில்லு. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மதியம் நடக்கும் போட்டியில் என்னையும் சேர்த்துவிட்டார்.

ஒரே மேசையில் உட்காரலாம் என்று ஆசையாகச் சேர்ந்தேன். எங்கே! வந்த கூட்டத்தை அந்தச் செயலி தன் இஷ்டத்துக்குப் பிரித்து உட்காரவைத்தது. தோற்றவர்கள் வெளியேற வெளியேறத்தான் மேசைகள் ஒன்றுசேரும். மிஞ்சுகிறவர்கள் கடைசி மேசையில் சந்திப்பார்கள். அவர் பெரும்பாலும் அங்கே இருப்பார். நான் கொஞ்ச நேரத்திலேயே வெளியே.

கல்யாண வீடுகளில் ரம்மி ஆடிய கை என்னுடையது. வந்த சீட்டை விட மனசு வராது.

"எல்லாத்தையும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படிப் புள்ள? நல்ல சீட்டு வர்ற வரைக்கும் கவுத்துட்டு, அந்த ஆட்டத்த விட்டுக்குடுத்துட்டுச் சும்மா இரு" என்பார்.

சும்மா இருக்க எனக்கா தெரியாது! கல்யாணமானதிலிருந்து அதைத்தானே செய்கிறேன். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கிளையை வெட்டிக் கவாத்துப் பண்ணக் கை கூசினால் கொடி காய்க்காது. அதை நினைத்துக்கொண்டு சீட்டுகளைக் கவிழ்த்தேன். யார் வெறும் உதார், யார் நிஜமாகவே நல்ல சீட்டோடு இருக்கிறார் என்று கவனித்தேன். சில்லு குறைந்தால் பதறாமல் இருக்கப் பழகினேன். "ஃபோனுக்குள்ளயே குடித்தனம் நடத்துறா" என்று மாமியார் கேலி செய்தார். நிஜம்தான், வேறு எங்கே நடத்துவது?

ஒரு வெள்ளிக்கிழமை நானும் கடைசி மேசைக்கு வந்துவிட்டேன். எதிரே அவர் படம், நீலச் சட்டையில். அவர் முறை வந்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஓடும். அந்த நேரத்தில் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாடையைத் தொட வேண்டும்போல் இருந்தது. பேசவும் முடியாது, ஆட்டத்துக்கு நடுவே பேசக்கூடாது என்பது அவர் சட்டம்.

திடீரென்று தன் மொத்தச் சில்லையும் பந்தயமாகத் தள்ளினார். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். என் கையில் இரண்டு ஏஸ். அதைவிட நல்ல கை கிடையாது. சில்லும் அவரைவிட என்னிடம் அதிகம். நானும் ஈடுகட்டி இறங்கினால் அநேகமாக அவர் வெளியே.

கவிழ்த்துவிட்டேன்.

ஃபோன் அடித்தது. சட்டத்தை அவரே மீறினார்.

"இம்புட்டு நேரம் யோசிச்சியே, என்ன சீட்டு?"

"ரெண்டு ஏஸ்."

"கிறுக்கா ஒனக்கு? அதப் போயி ஏன் கவுத்த?"

"ஒங்கள வெளிய அனுப்பிட்டு நான் அங்கன யாரோட இருக்க?"

 அவர் ஃபோனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. திரையில் எங்கள் முறை வந்து வந்து போனது. நேரம் முடிய முடிய, இரண்டு பேர் சீட்டையும் செயலியே கவிழ்த்துக்கொண்டிருந்தது.