வாழைத்தோலைச் சுற்றிப் பதினேழு மில்லிமீட்டர்

பெருமாள்சாமி ஸ்ரீராம்புரத்துக்காரர். கல்லூரியின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிக அட்டெண்டர். வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு 1958 ஆகஸ்டில்தான் துறைத்தலைவர் மேசைக்குப் போயிருந்தது. ஒரே ஒரு புகார் போதும், அது திரும்பிவிடும்.

அங்கே கன்னடம் பேசுபவர்கள் நடுவில் அவர் நாளெல்லாம் கேட்ட சொல் 'தொளெ'. கழுவு என்று பொருள். ப்ளேட் தொளெ, பாட்டில் தொளெ.

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. பம்பு இரைந்துகொண்டிருந்தது. பழத்தோல்களுக்குச் சீழ்க்கிருமியைக் கொல்லும் சக்தி உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்த அலர்மேல்மங்கை வாசலில் நின்று கத்தினாள்: "தோலை மெர்குரி பக்கம் வைக்காதீங்க!"

அவர் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: தொளெ, மெர்குரி. மெர்குரி என்றால் அங்கே மேசை துடைக்கும் பாதரசக் கரைசல். அதற்கு மணம் கிடையாது. எந்தக் கிருமியும் அதற்குத் தப்பாது. மாதுளை, ஆரஞ்சு, வாழை என மூன்று தட்டுத் தோலையும் அதில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, நிழலில் காயவைத்தார்.

அந்தத் தோல்களின் சாற்றில் தோய்த்த காகித வில்லைகளைக் கிருமி பரப்பிய தட்டுகளில் வைத்தார்கள். 22ஆம் தேதி பார்த்தபோது, வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டங்கள். மாதுளை பதினெட்டு மில்லிமீட்டர். ஆரஞ்சும் வாழையும் பதினேழு.

"பாத்தீங்களா, குப்பைல போற வாழத்தோல்கூட வேல செய்யுது! சனிக்கிழம மீட்டிங்ல கட்டுரையா படிக்கிறேன். நன்றில உங்க பேரும் டைப் ஆயிடுச்சு."

"அப்ப எங்க தெரு ஆடுங்களுக்குச் சீக்கே வராது மேடம்."

அவள் சிரித்தாள். "நீங்க இந்தத் தோலைப் பக்குவமா காய வெச்சதாலதான்..."

பெருமாள்சாமியின் சிரிப்பு நின்றது. "அன்னிக்கி வாசல்ல என்ன சொன்னீங்க? தோலையா, தொளெயா?"

"தோலை. மெர்குரி பக்கம் வைக்காதீங்கன்னேன். ஏன்?"

அவர் நடைவழியைப் பார்த்தார். துறைத்தலைவர் அறைக் கதவு திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை நாற்பது பேர் கேட்பார்கள். அவர்களில் யாரோ ஒருவர் நம்பி, ஒரு புண்ணில் வாழைத்தோலை வைத்துக் கட்டுவார்.

"மெர்குரில தொளெஞ்சிட்டேன் மேடம். மூணு தட்டும்."

"என்னது, தொலஞ்சீங்களா?"

"ரெண்டுந்தான்."

 அவள் தட்டச்சுத் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனாள். சனிக்கிழமை அவள் கட்டுரை படிக்கவில்லை. காரணத்தைக் கேட்டறிந்த துறைத்தலைவர், பெருமாள்சாமியின் கோப்பில் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று எழுதித் திருப்பினார்.

புதுத் தோல் வாங்கி மறுபடி செய்த சோதனையை அக்டோபர் 3 அன்று பார்த்தார்கள். வாழையைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆரஞ்சுக்கும் இல்லை. மாதுளைக்கு மட்டும் சின்னதாக ஒரு வட்டம்.

"தலைவர்கிட்ட உங்க வேலை விஷயத்த நான் மறுபடி பேசறேன்" என்றாள், அளவுகோலை வட்டத்தின் மேல் பிடித்தபடி.

"பேசுங்க மேடம். மொதல்ல ஸ்கேல ஆடாம புடிங்க. பன்னெண்டா, பதிமூணா?"